காயல் சேறு நாறுகிறது, குளத்துச் சேறு அவ்வளவாக நாறவில்லை. இரண்டிலும் காற்று இல்லைதானே?

மணக்குடிக்காரன்

வணக்கம். அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். காற்றில்லாச் சுவாசம் பாடம் ஓடுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி (செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் காசு மாதிரி ஒரு மூலக்கூறு), மிச்சம் ஆல்கஹாலாகவோ லாக்டிக் அமிலமாகவோ போய்விடும் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், திடீரென்று என்னைப் பார்த்து, "மாமா, நம்ம காயல் சேற்றிலும் காற்று கிடையாது. அங்கே ஏன் புளிச்ச வாடை வரல்ல? அழுகின முட்டை வாடைதானே வருது?" என்று கேட்டாள்.

எனக்கு வீடு பழையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். தண்ணீர் வற்றிய நேரம் நண்டு பிடிக்க இறங்கினால் கணுக்காலுக்கு மேல் கறுத்த சேறு. காலை உருவி எடுத்தால் மூக்கைப் பொத்த வேண்டும். தேரூர்ப் பக்கம் அம்மா பிறந்த வீட்டுக் குளத்திலும் இறங்கியிருக்கிறேன். அங்கே கால் வைத்ததும் குமிழ் குமிழாக வரும், ஆனால் இந்த நாற்றம் அவ்வளவாக இருக்காது. அந்தக் குமிழைப் பற்றவைத்தால் எரியும் என்று ஒரு பையன் சொன்னான், நிஜமா தெரியாது.

இரண்டும் காற்றில்லாத சேறு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பாக்டீரியா அங்கே எதை வைத்துப் பிழைக்கிறது?

கோட்டாற்றுக்காரர்

காயலில் ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து விழுகிறது. சாக்கடை நாறத்தான் செய்யும். இதற்கு எதற்கு தம்பி ஏடிபி?

குளச்சல் டீச்சர்

சாக்கடை நாற்றத்தைக் கூட்டும், அதை மறுக்கவில்லை அண்ணாச்சி. ஆனால் ஒரு வீட்டுக் கழிவும் வந்து சேராத அலையாத்திச் சேற்றைக் கிளறிப் பாருங்கள், இதே நாற்றம்தான். மக்கா, உன் மருமகள் கேட்டது நல்ல கேள்வி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

சாப்பாட்டிலிருந்து ஆற்றல் எடுப்பது என்றால், அதிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றி வேறு யாரிடமாவது கொடுப்பது. நாம் ஆக்சிஜனிடம் கொடுக்கிறோம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாவுக்கு இரண்டு வழி உண்டு. வெளியே ஆள் தேடாமல், சாப்பாட்டின் ஒரு துண்டிலிருந்து எடுத்ததை இன்னொரு துண்டிடமே கொடுத்துவிடுவது ஒன்று. இதுதான் நொதித்தல். அவள் படித்த 2 ஏடிபி இந்தக் கணக்கு. இட்லி மாவில் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா செய்வதும் நொதித்தல்தான். அமிலமும் விடும், கரியமில வாயுவும் விடும், மாவு புளித்துப் பொங்கும். குளுக்கோஸில் இருந்த ஆற்றலில் பெரும்பங்கு அந்த அமிலத்திலேயே தங்கிவிடுவதால், கொஞ்சம் ஏடிபிக்காக அது ஏகப்பட்ட சர்க்கரையைத் தின்ன வேண்டியிருக்கிறது. ஒரே ராத்திரியில் மாவு இவ்வளவு புளிப்பது அதனால்தான்.

இன்னொரு வழி, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஒன்றை வைத்துக்கொள்வது. நைட்ரேட், மாங்கனீசு, இரும்புத் துரு, சல்பேட், எது கிடைக்கிறதோ அது. இதுவும் முழுச் சுவாசம்தான், நம் உடம்பில் நடப்பது போலவே எலக்ட்ரான் கைமாறிக் கைமாறிப் போகும். உன் மருமகள் மனப்பாடம் செய்த வரியில் இது வரவில்லை. காயலைப் புரிந்துகொள்ள இதுதான் வேண்டும்.

கோதையாறு மின்நிலையத்தை நினைத்துக்கொள். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு மின்சாரம். எலக்ட்ரான் விழும் உயரத்தை வோல்ட்டில் அளப்பார்கள். செல்லுக்குள் எலக்ட்ரானைச் சுமந்து வருவது என்ஏடிஹெச். அங்கிருந்து ஆக்சிஜனுக்கு விழுந்தால் உயரம் 1.14 வோல்ட். நைட்ரேட்டுக்கு விழுந்தால் சுமார் 0.74. சல்பேட்டுக்கு வெறும் 0.10 வோல்ட். விழுகிற வேகத்தில் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்பட்டு அணைநீர் மாதிரி தேங்கும். அவை திரும்ப உள்ளே பாயும்போது டர்பைன் சுழல்வது போல ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம் நிஜமாகவே சுழன்று ஏடிபி செய்யும். பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குப் போனது.

அதனால் சேற்றில் ஒரு வரிசை உண்டு. ஆக்சிஜன் இருக்கும்வரை அதைப் பிடிப்பவர்கள் ஜெயிப்பார்கள். அது தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, பிறகு சல்பேட். எல்லாம் தீர்ந்தால் கடைசியில் மெத்தேன். சேற்றில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 8 மில்லிகிராம் போலத்தான் கரைந்திருக்கும், காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே அது பரவும். சேற்றின் மேல்தோலைத் தாண்டுவதற்குள் யாராவது தின்றுவிடுவார்கள்.

இப்போது உன் காயலுக்கு வருவோம். கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. நன்னீரில் பெரும்பாலும் சில மில்லிகிராம், மிஞ்சினால் சில பத்து மில்லிகிராம். பொழி (காயல் கடலோடு சேரும் வாய்) வழியாகக் கடல் ஏறும்போதெல்லாம் உன் காயலுக்கு சல்பேட் வந்துகொண்டே இருக்கும், தீரவே தீராது. அதைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கு அங்கே ராஜ வாழ்க்கை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பரம ஏழை. சல்பேட் லேசில் எலக்ட்ரானை வாங்காது. முதலில் 2 ஏடிபிக்குச் சமமான செலவு செய்து அதை உசுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும். வரவு 0.10 வோல்ட், அதிலும் முன்பணம். அப்படியும் பிழைத்துக்கிடக்கிறது. 1895இல் பெயெரிங்க் என்ற டச்சுக்காரர் இந்த வகையை முதலில் பிரித்துக் காட்டினார்.

நாம் கரியமில வாயுவும் தண்ணீரும் விடுவது போல இது ஹைட்ரஜன் சல்பைடை விடும். அதுதான் அந்த முட்டை நாற்றம். சேற்றிலுள்ள இரும்போடு அது சேர்ந்தால் இரும்பு சல்பைடு, அதுதான் கறுப்பு. எங்கள் அம்மா வீடு மண்டைக்காட்டுப் பக்கம், ஏ.வி.எம். கால்வாய்க் கரையில். அங்கே கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போடும் குழிகள் இருந்தன. லீவுக்குப் போனால் என் வெள்ளிக் கொலுசு கறுத்துவிடும். மட்டமான வெள்ளி என்று ஆச்சி தட்டானைத்தான் திட்டுவாள். காற்றில் வந்த ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்பைடு ஆக்கியது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

கதம்பல் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்த விஷயம். நார்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். மாதக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும்போது பாக்டீரியா அந்தப் பெக்டினைத் தின்றுவிடும், நார் தனியாகப் பிரியும். ஆனால் நாரையே ஏன் தின்பதில்லை? தென்னை நாரில் லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தரும் பொருள், அதிகம். லிக்னினை உடைக்க ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அது கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். காற்றுப் படுகிற இடத்தில் போட்டிருந்தால் பூஞ்சை வந்து நாரையும் மக்கவைத்திருக்கும். ஊறல் குழியில் காற்று இல்லாததால்தான் கயிறு கிடைத்தது.

தேரூர்க் குளத்தில் சல்பேட் கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் கடைசி ஆள் வருவார். கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்தோ, அசிட்டேட்டை (வினிகரின் அமிலத்திலிருந்து வருவது) இரண்டாக உடைத்தோ மெத்தேன் விடுவார். இவர் பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்தார்கள். பரீட்சையில் மெத்தேன் பாக்டீரியா என்று எழுதிவிட வேண்டாம் என்று அவளிடம் சொல். மெத்தேனுக்கு வாடையே கிடையாது. காயலிலும் இவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சல்பேட் கூட்டம் ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் முந்திக்கொண்டு எடுத்துவிடும்.

அந்தப் பையன் சொன்னதும் நிஜம். 1776இல் இத்தாலியில் மஜோரே ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி, வந்த குமிழைக் குப்பியில் பிடித்து எரித்துப் பார்த்தார் வோல்ட்டா. வோல்ட் என்று நாம் சொல்வதே அவர் பெயரில்தான். அவர் செய்தார் என்று நீ தீப்பெட்டியோடு குளத்தில் இறங்க வேண்டாம்.

குலசேகரம் ஷீட்டுப்புரை

டீச்சர், நடுவில் புகுவதற்கு மன்னிக்கணும். எங்கள் வீட்டில் சாண எரிவாயுக் கலன் ஒன்று இருக்கிறது, நல்லா ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு விசேஷம் முடிந்து மிஞ்சின சோறு, கஞ்சித் தண்ணீர், மரச்சீனித் (மரவள்ளிக்கிழங்கு) தோல் எல்லாவற்றையும் ஒரேயடியாக உள்ளே தள்ளிவிட்டார்கள். இப்போது டிரம் உயர்கிறது, ஆனால் அடுப்பு பற்ற மாட்டேன் என்கிறது. வெளியே வரும் கரைசல் புளிச்ச மோர் மாதிரி அடிக்கிறது. வாயு இருந்தும் ஏன் எரியவில்லை? உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

குளச்சல் டீச்சர்

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு. கலனுக்குள் ஆக்சிஜன் கிடையாது, ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறுவதால் தெரிந்துவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்துத்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். ஒருவரைத் தூக்கப்போய் இரண்டாவது ஆளும் விழுவது இப்படித்தான். செப்டிக் டேங்குக்கும் இதே கதை.

சரி, இனி அடுப்பு. டிரம்மைத் தூக்குவது பெரும்பாலும் கரியமில வாயு. நல்லா ஓடும் கலனில் மெத்தேன் 55 முதல் 65 சதவீதம் இருக்கும், அது குறைந்துபோனால் பற்றாது.

ஏன் குறைந்தது என்பதுதான் சுவாரசியம். கலனுக்குள் ஒருவர் தனியாக எதையும் முடிப்பதில்லை. சோற்றைச் சர்க்கரையாக்கி அமிலமாக்குவது ஒரு கூட்டம், இது சீக்கிரம் பெருகும். அந்த அமிலத்தை, அதிலும் புரோப்பியோனேட், பியூட்டிரேட் மாதிரியானவற்றை, அசிட்டேட்டும் ஹைட்ரஜனுமாக உடைப்பது அடுத்த கூட்டம். மெத்தேன் ஆர்க்கியா மூன்றாவது. நடுவில் இருப்பவர் பாடுதான் பாவம். சுற்றிலும் ஹைட்ரஜன் கூடிவிட்டால் புரோப்பியோனேட்டை உடைப்பதில் அவருக்கு லாபமே கிடைக்காது, நஷ்டக் கணக்கு. ஹைட்ரஜன் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் அவர் பிழைப்பு ஓடும். அப்படிக் கீழே வைத்திருப்பது மெத்தேன் ஆர்க்கியா, வந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்துவிடுவதால். இவர் விட்டதை அவர் எடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் பட்டினி. மெத்தேன் விடும் ஒரே உயிர் என்று வெகுகாலம் நம்பி வளர்த்துவந்த ஒன்று உண்மையில் இப்படி ஒட்டிக்கிடந்த இரண்டு உயிர்கள் என்று 1967இல்தான் தெரியவந்தது.

உங்கள் வீட்டில் சோறும் கஞ்சியும் மொத்தமாக விழுந்ததும் முதல் கூட்டம் அமிலத்தைக் கொட்டிவிட்டது. மெத்தேன் கூட்டம் மெதுவாகப் பெருகுவது, ஈடுகொடுக்க முடியவில்லை. பிஹெச் 6.5க்குக் கீழே போனால் அது ஏறக்குறைய முடங்கிவிடும், பிறகு அமிலம் இன்னும் தேங்கும். மரச்சீனித் தோலில் சயனைடு வேறு இருக்கிறது, மெத்தேன் கூட்டத்துக்கு அதுவும் ஆகாது.

தீனியை நிறுத்து. நல்லா ஓடுகிற வேறு கலனிலிருந்து கரைசல் கிடைத்தால் சில வாளி வாங்கி ஊற்று, கிடைக்காவிட்டால் புதுச் சாணம் கரைத்து ஊற்று. மாட்டின் குடலிலிருந்தே அந்தக் கூட்டம் வரும். புளிப்பு ரொம்ப இருந்தால் சோடா உப்பு கொஞ்சம் கரைத்துவிடலாம், சுண்ணாம்பை அள்ளிப் போடாதே. சுடர் நீலமாகத் திரும்பிய பிறகு பாதி அளவில் தொடங்கு. சமையலறைக் கழிவிலேயே ஓட்ட வேண்டும் என்றால் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்து நார்டெப் ஆட்களின் சக்தி சுரபி கலனைப் போய்ப் பார், அது அதற்கென்றே செய்தது.

தோவாளை வயல்

டீச்சர் சொன்ன வரிசையில் நைட்ரேட் இரண்டாவதாக வருகிறது இல்லையா, எங்களுக்குக் காசு போவது அங்கேதான். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்த வயல் காய்ந்து கிடக்கும்போது மண்ணிலுள்ள அம்மோனியம் நைட்ரேட்டாக மாறிவிடும். அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தண்ணீர் கட்டினால் ஆக்சிஜன் போய், பாக்டீரியா அந்த நைட்ரேட்டைச் சுவாசித்து வெறும் நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். உரம் காற்றில் போன மாதிரிதான். நடுவில் வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் வைத்தாலும் இதே நஷ்டம் கொஞ்சம் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மெத்தேன் குறையும் என்கிறார்கள். யூரியாவை மேலே வீசாமல் சேற்றுக்குள் அழுத்திவைத்தால் அம்மோனியமாகவே நிற்கும் என்பதும் இதனால்தான்.

இன்னொன்று. நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்ப்போம். வேர் துருப்பிடித்த சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், நெல் தன் தண்டு வழியாக வேருக்குக் காற்று அனுப்புகிறது, அது பட்டு இரும்பு துருவாகப் படிகிறது. வேர் கறுத்து முட்டை வாடை அடித்தால் உடனே தண்ணீரை வடித்துவிடுவோம்.

குளச்சல் டீச்சர்

இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கு எலக்ட்ரான் கணக்கு இன்னும் சுலபமாகப் புரிந்திருக்கும் அண்ணாச்சி. வேர் நிறம் பார்ப்பது அருமையான சோதனை.

மணக்குடிக்காரன்

டீச்சர், மருமகளுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "சல்பேட்தான் காரணம் என்றால், குளத்துச் சேற்றில் சல்பேட் போட்டால் அதுவும் நாறணும் இல்லையா?" என்கிறாள். செய்து பார்க்கலாமா?

குளச்சல் டீச்சர்

தாராளமாக. இதுதான் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. இரண்டு பிளாஸ்டிக் குப்பிகளில் ஒரே குளத்துச் சேற்றைப் பாதி வரை நிரப்புங்கள். இரண்டிலும் கிழித்த செய்தித்தாள் ஒரு கைப்பிடி போடுங்கள், அது சாப்பாடு. ஒன்றில் மட்டும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு கரண்டி கலந்துவிடுங்கள். அது கால்சியம் சல்பேட். மேலே குளத்துத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்காமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். வாயு வரும், இறுக்கினால் குப்பி வெடிக்கும். எந்தக் குப்பிக்குள்ளும் முகத்தை விட்டு மோந்து பார்க்கக் கூடாது.

மணக்குடிக்காரன்

சில வாரம் ஆயிற்று, வந்து சொல்கிறேன். பிளாஸ்டர் போட்ட குப்பி காகிதத்தை ஒட்டின இடத்தில் முதலில் கறுத்தது, இப்போது பாதிக்கு மேல் கறுப்பு. மூடியைத் தளர்த்தினாலே காயல் வாடைதான், அக்கா அதைத் தென்னை மூட்டுக்குக் கடத்திவிட்டாள். மற்றது சாம்பலும் பழுப்புமாக இருக்கிறது, அங்கங்கே குமிழ். ஆனால் ஒரு சந்தேகம். கறுத்த குப்பியில் சேற்றின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிசாகப் பழுப்புத் தோல் நிற்கிறது. அது ஏன் கறுக்கவில்லை?

குளச்சல் டீச்சர்

மேலிருந்து ஆக்சிஜன் எட்டும் ஆழம் அவ்வளவுதான், சில மில்லிமீட்டர். அங்கே இரும்பு சல்பைடு துருவாகத் திரும்பிவிடும்.

கடல் சேற்றில் இதைவிட வேடிக்கை ஒன்று நடக்கிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில்கூட சல்பைடு காணாமல் போவதை டென்மார்க்கில் ஆர்ஹுஸ் ஆட்கள் கவனித்தார்கள். யார் செய்வது என்று தேடிப்போய், 2012இல் கேபிள் பாக்டீரியா என்று ஒன்றை அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக ஒட்டி, சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மின்கம்பி மாதிரி நிற்கும். கீழ் நுனி சல்பைடிலிருந்து எலக்ட்ரானை எடுக்கும், மேல் நுனி அதை ஆக்சிஜனிடம் கொடுக்கும். கீழே இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜனே கிடைக்காது, ஆனால் ஆக்சிஜன் கணக்கில் பிழைக்கும். உங்கள் குப்பியில் அது இருக்கிறதா என்று நுண்ணோக்கி இல்லாமல் சொல்ல முடியாது. குப்பியை ஆட்டாமல் வையுங்கள். மழை விட்டதும் காயல் சேற்றில் ஒரு குப்பி போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல், பழுப்புத் தோலின் கனத்தை வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளட்டும்.